பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன்

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூருக்கு, குலதெய்வம் கும்பிட ஒரு குடும்பம் சென்னையிலிருந்து காரில் வந்தது. வழியில் இறங்கிய மூதாட்டி ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்ற சந்தேகம் கிளம்ப, ஊர் கூடிவிட்டது. மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு உயிர் தப்பினார்கள். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவர் இதே சந்தேகத்துக்குப் பலியானார். ஜூலை 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்து ராயின்பாடாவில் ஐந்து பேர்.

இவர்களைக் கொன்ற சந்தேகம் செல்பேசி வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் இறங்கியிருக்கிறார்கள் என்று பதறும் குரல் பதிவுகளும் வீடியோக்களும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. நாடெங்கும் பரவிய ஒரு வீடியோவில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் நிற்கும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் ரோஷ்னி என்ற தொண்டு அமைப்பு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. முழுப் படத்தில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓர் அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததை இன்று பலர் மறந்துவிட்டார்கள். அந்த ஜூலையிலேயே, கை மாறி வரும் செய்திகளின் மேல் 'ஃபார்வேர்டு' என்ற குறிப்பை வாட்ஸ்அப் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் இந்த வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. பலமுறை கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் விதி இன்னும் இறுகியது. அதன் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது.

இதில் யாருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. எந்தச் செய்தியையும் யாரும் தடை செய்யவில்லை. அனுப்புவதற்கு முன் விரல் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே. வதந்தி, பண மோசடி, குடும்பக் குழுச் சண்டை என்று செல்பேசி வழியாக வீட்டுக்குள் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவசரத்தை நம்பி இயங்குகின்றன. அந்த அவசரத்தைச் சற்றே தள்ளிப்போடும் ஏற்பாட்டை ஒரு குடும்பம் முன்கூட்டியே செய்துகொண்டால், தொழில்நுட்பம் தெரியாதவர்கூடத் தப்பித்துவிடுகிறார். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிறு மாலைகளில் செல்பேசியும் கையுமாக வந்து உட்காரும் பெரியவர்களோடு பழகியதில் நான் தெரிந்துகொண்டது இது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தம்பதி என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். முதலில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, படத்தை அழிப்பது எப்படி என்றுதான் கேட்பார்கள். பேச்சு சூடு பிடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான கேள்விக்கு வருவார்கள். 'தம்பி, நேத்து ஒரு ஃபோன் வந்துச்சு…'

காக்கிச் சட்டை தெரியும் திரை

அந்த ஃபோன் எப்படித் தொடங்கும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். உங்கள் பெயரில் வெளிநாட்டுக்குப் போன கூரியர் பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்று ஒரு குரல் சொல்லும். இல்லையென்றால் உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மிலிருந்து ஆபாசச் செய்தி போயிருக்கும், அல்லது கறுப்புப் பண வழக்கில் உங்கள் வங்கிக் கணக்கு சிக்கியிருக்கும். அடுத்தது வீடியோ அழைப்பு. திரையில் காக்கிச் சட்டை, பின்னால் அரசு முத்திரை. வாட்ஸ்அப்பில் ஒரு வாரன்ட் வந்து விழும். கேமராவை அணைக்கக் கூடாது, அறையை விட்டு வெளியே போகக் கூடாது, ரகசிய விசாரணை என்பதால் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. கடைசியில், 'உங்கள் பணம் நேர்மையானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும். இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், திரும்ப வந்துவிடும்.'

இதற்கு 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெயர். விவரம் தெரியாதவர்கள்தான் இதில் சிக்குவார்கள் என்று எண்ணுபவர்கள், லூதியானாவில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பஞ்சாபின் பெரும் ஜவுளித் தொழிலதிபர்களில் ஒருவர். 2024-இல், 80 வயதைக் கடந்த அவரை ஒரு கும்பல் வீடியோ அழைப்பிலேயே வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் போல ஒரு காட்சியை அமைத்து, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவர் விசாரணையும் நடத்தினார். ஓஸ்வால் 7 கோடி ரூபாய் அனுப்பினார். ஆனால் புகார் கொடுக்கத் தயங்கவில்லை. 5 கோடிக்கும் மேல் மீட்கப்பட்டது. நடந்ததைப் பத்திரிகைகளிடமும் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் மோடி, இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று எதுவும் கிடையாது என்று விளக்கினார். அந்த ஒரு ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசு பின்னர் கணக்குக் கொடுத்தது.

நூலகத்துப் பெரியவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் சட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒருவரைக் கைது செய்தால் அதை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ காவல்துறை தெரிவித்தாக வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 48-ஆம் பிரிவாக இருக்கிறது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆக, 'வீட்டில் சொல்லு' என்பது சட்டம். 'வீட்டில் சொல்லாதே' என்பவன் திருடன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், வாரன்ட்டின் முத்திரையையும் சீருடையின் நட்சத்திரத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதே இல்லை.

மரியாதையாகச் சொல்ல ஒரு வாக்கியம்

'சந்தேகமான அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள்' என்று எல்லா விழிப்புணர்வு விளம்பரங்களும் சொல்கின்றன. இளைஞர்களுக்கு அது சரி. ஆனால் தாசில்தார் அலுவலகத்தில் கைகட்டி நின்று பழகிய ஒரு தலைமுறைக்கு, அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பேசுபவரின் அழைப்பைப் பாதியில் துண்டிக்க மனம் வராது. 'நெசமாவே போலீஸா இருந்துட்டா?' என்று அந்த ஃபோர்மேன் ஐயா கேட்டபோதுதான், அறிவுரை எந்த இடத்தில் இடறுகிறது என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது மரியாதைக் குறைவில்லாமல் விலகிக்கொள்ள ஒரு வழி.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தமிழாசிரியை. 'சார், பத்து நிமிஷம் கழிச்சு நானே கூப்பிடுறேன். உங்க பேரு, ஸ்டேஷன் பேரு சொல்லுங்க.' இதை அவர் ஒரு அட்டையில் எழுதி, தன் செல்பேசி உறைக்குள் வைத்திருக்கிறார். உண்மையான அதிகாரிக்கு இந்த வாக்கியத்தால் ஒரு குறையும் இல்லை. மோசடிக்காரரால் மட்டும் இதைத் தாங்க முடியாது. குரல் உயரும், மிரட்டல் கூடும், 'லைனை வைத்தால் அரெஸ்ட்' என்பார். அந்தக் கோபமே அவர் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து நிமிடத்தில் யாரை அழைப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால் நம் பகல் அவர்களுக்கு நடுராத்திரி. அதனால் பக்கத்தில் இருக்கும் ஒருவரை, எதிர் வீட்டுக்காரரையோ மருமகனையோ பழைய சக ஊழியரையோ, அவர் சம்மதத்தோடு 'அவசரத் துணை'யாக வைத்துக்கொள்வது நல்லது. கூப்பிட்டால் எடுக்கிற ஒருவராக இருப்பது முக்கியம். அவருக்குத் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயந்திருப்பவர் இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னாலே பாதி மயக்கம் தெளிந்துவிடுகிறது.

குரலை நகல் எடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, 'அப்பா, விபத்தாயிடுச்சு, பணம் அனுப்புங்க' என்று மகனின் குரலிலேயே அழைப்பு வரும் அபாயமும் சேர்ந்துகொண்டது. இதற்குச் சில குடும்பங்கள் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கின்றன. அது நினைவில் நிற்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பை முடித்துவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் மகனின் எண்ணுக்குத் தானே அழைப்பது. வந்த எண்ணுக்குத் திருப்பி அழைக்கக் கூடாது.

மறுமுனையில் இருப்பவர்

இந்த அழைப்புகளில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பது இன்று ஊரறிந்த செய்தி. மியான்மரின் தாய்லாந்து எல்லையில் உள்ள மியாவாடி, கம்போடியாவின் சிஹானுக்வில் போன்ற இடங்களில், மோசடிக்காகவே கட்டப்பட்ட வளாகங்கள் உருவாகியிருக்கின்றன. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் கட்டாயப்படுத்தப்பட்டு இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

அங்கே அடைபட்டவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். தாய்லாந்தில் கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்ற இணைய விளம்பரத்தை நம்பிப் போய், எல்லை கடத்தி மியாவாடியில் சிறைவைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். மோசடி செய்ய மறுத்தவர்களை அடித்ததாகவும் மின்சாரம் பாய்ச்சியதாகவும் மீண்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆகவே பெரியவர்களுக்கு ஃபோன் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்கிற வீடு, வேலை தேடும் பிள்ளைக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு வேலைக்குச் சுற்றுலா விசாவில் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். டெலிகிராமில் வந்த நேர்காணல், தட்டச்சு வேகத்தை மட்டும் கேட்கும் நிறுவனம், பயணச்சீட்டையும் தானே போட்டுத் தருகிறேன் என்னும் முகவர் ஆகியவை சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஊரை விட்டுப் போகாமலேயே சிக்கும் பிள்ளைகளும் உண்டு. 'உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றோம்' என்று கல்லூரி மாணவர்களைக் கேட்கிறார்கள். திருட்டுப் பணம் முதலில் வந்து இறங்குவது அப்படிப்பட்ட வாடகைக் கணக்குகளில்தான். காவல்துறை முதலில் தேடி வருவதும் அந்தக் கணக்கின் சொந்தக்காரரைத்தான்.

பணம் போய்விட்டால்

யு.பி.ஐ. வந்தது 2016-இல். இன்று கீரைக் கட்டு விற்பவரும் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். அதைப் பயன்படுத்துபவர் மனதில் ஒரே ஒரு விதி பதிந்தால் போதும். பணம் வாங்க பின் எண் தேவையில்லை, க்யூஆரை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. பின் எண்ணைக் கேட்கிறது என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். பழைய கட்டிலை இணையத்தில் விற்கப் பார்த்தவர்களிடம் 'பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று சொல்லித்தான் எத்தனையோ பேர் கொள்ளையடித்தார்கள். தனிநபர் இன்னொரு தனிநபரிடம் 'பணம் கொடு' என்று கோரிக்கை அனுப்பும் வசதியை, மோசடிக்கு அது வழிவிட்டதால், 2025 அக்டோபரில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுத்தியது.

அப்படியும் பணம் போய்விட்டால் நேரம்தான் எல்லாம். அழைக்க வேண்டிய எண் 1930. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். 1930-க்குச் சொன்னதும், பணம் போன கணக்கு உள்ள வங்கிக்குத் தகவல் போகிறது. அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் நிறுத்திவைக்கப்படுகிறது. மோசடிக் கும்பல் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சில நிமிடங்களிலேயே பிரித்து அனுப்பிவிடும். கடைசியில் அது ஏ.டி.எம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிட்டால் துரத்துவது கடினம். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

புகார் சொல்லும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்த வங்கி, எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது, யு.பி.ஐ. என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், மோசடிக்காரர் பேசிய எண், அவர் அனுப்பிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடுபவர்கள் நிறைய. அழிக்கக் கூடாது, அது சாட்சி.

வங்கிக்கும் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது. ஓ.டி.பி.யையோ பின் எண்ணையோ அவரே கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரையிலான இழப்பு அவருடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. 'நாமதானே ஓ.டி.பி. கொடுத்தோம், இனி என்ன' என்று கைவிட்டு உட்காரக் கூடாது என்பதற்கு இந்த இரண்டாவது விதியே போதுமான காரணம்.

பத்திரிகை கேட்டால் பத்திரிகை வரும்

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்று இருக்கும். திறந்தால் பத்திரிகை தெரியாது, ஒரு செயலி உள்ளே இறங்கும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அதன் பிறகு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவர்கள் கைக்கும் போகும். போக்குவரத்து அபராதம், மின்கட்டணம், விவசாயி உதவித்தொகை என்று வேடங்கள் மாறும், கோப்பின் கடைசி மூன்று எழுத்து மாறாது.

தெரிந்தவர் எண்ணிலிருந்தே இது வரும் என்பதுதான் சங்கடம், ஏனென்றால் அவர் ஃபோன் முன்பே பறிபோயிருக்கும். 'மச்சான், பத்திரிகை திறக்கல, போட்டோவா அனுப்பு' என்று கேட்பது நல்ல பழக்கம். உண்மையான பத்திரிகை என்றால் படமாக வரும். மளிகைக் கடைக்காரர் இப்படிக் கேட்டபோது அந்தப் பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. மாலையில் நேரில் போய்ப் பார்த்தால், உறவினர் தன் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டியவை சில. இரண்டு-படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துவிட வேண்டும். தொடர்புகளில் இருப்பவர்கள் மட்டுமே குழுவில் சேர்க்கலாம் என்று மாற்ற வேண்டும், பங்குச்சந்தை 'டிப்ஸ்' குழுக்களில் இழுத்துப் போடுவது இதனால் நின்றுவிடும். அறியாத எண்களின் அழைப்பு மணி அடிக்காமல் இருக்க 2023-இல் வந்த வசதியை இயக்கலாம். இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலில் தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், தன் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்றும் பார்த்துவிடலாம். தனக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

இவற்றைப் பெரியவரின் ஃபோனை வாங்கி நாமே தட்டிக் கொடுப்பதைவிட, அவர் கையிலேயே ஃபோன் இருக்க, நாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் செய்வது நல்லது. நேரம் கூடும். ஆனால் அடுத்த முறை அவர் பயப்பட மாட்டார்.

குடும்பக் குழுவில் திருத்துவது

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அச்சம் வட மாநிலங்களில் தீயாய்ப் பற்றியது. ஹோலி நேரத்தில் ரயில் நிலையங்களில் கூடிய கூட்டமும் பயத்தால் ஓடுபவர்களாகக் காட்டப்பட்டது. பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பு மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களிடையே நடந்த மோதல் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. தமிழகக் காவல்துறை இந்தியிலும் மறுப்பு வெளியிட்டது.

2018-இல் வடக்கைப் பற்றிய பயத்தைத் தமிழ் ஃபோன்கள் சுமந்தன. 2023-இல் தமிழகத்தைப் பற்றிய பயத்தை இந்தி ஃபோன்கள் சுமந்தன. இரண்டிலும், வேறோர் இடத்திலோ வேறு காரணத்திலோ எடுத்த காட்சிக்குப் புதிய கதை ஒட்டப்பட்டது. ஆகவே ஒரு வீடியோ வந்தால் பார்க்க வேண்டியது அதன் ஓரங்களை. கடைப் பலகையில் எந்த மொழி, வண்டி எண் எந்த மாநிலம், போலீஸ் தொப்பி எந்த ஊர்ப் பாணி, பின்னணியில் பேசுவது என்ன பாஷை என்று கவனிக்க வேண்டும். ஒரு காட்சியை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய செய்தி பல நேரங்களில் அகப்பட்டுவிடும். 'இன்றைக்கு நடந்தது' என்று இருக்கிறதே தவிரத் தேதி இல்லை என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே அனுப்பாமல் விடலாம்.

தவறான செய்தியைக் குழுவில் போட்டவர் சித்தப்பாவாக இருந்தால் என்ன செய்வது? எல்லோர் முன்னும் 'இது ஃபேக்' என்று இணைப்பை எடுத்துப் போட்டால், அவர் செய்தியை விட்டுவிட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இறங்குவார். அங்கே சண்டை வளரும். அடுத்த செய்தியை அவர் நாம் இல்லாத குழுவில் போடுவார். பலிப்பது வேறு முறை. தனியாக அழைத்து, நலம் விசாரித்து, 'சித்தப்பா, அந்த வீடியோ உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அது போன வருஷத்துதாம், நீங்களே குழுவில சொல்லிடுங்க, உங்க பேச்சைக் கேப்பாங்க' என்று சொன்னால், பெரும்பாலும் அவரே மறுப்பைப் போட்டுவிடுகிறார். திருத்தும் பெருமையும் அவருக்குப் போகிறது. மருத்துவ வதந்திகளில் மட்டும் இந்தக் காத்திருப்பு உதவாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தி வந்தால், அதை நம்பி நிறுத்திவிடக்கூடியவருக்கு அந்த நிமிடமே ஃபோன் செய்துவிட வேண்டும்.

காலை வணக்கப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியர்களின் ஃபோன்கள் ஏன் இப்படி நிரம்பிவிடுகின்றன என்று ஆராய்ந்த கூகுள், ரோஜாப்பூவும் சூரியோதயமுமாக வந்து குவியும் வணக்கப் படங்களைக் கண்டது. 2017 டிசம்பரில் வெளியான தன் ஃபைல்ஸ் கோ செயலியில் அவற்றைக் கண்டெடுத்து நீக்கும் வசதியைச் சேர்த்தது. ஃபோனின் இடம் போகிறதே என்று இளையவர்கள் எரிச்சல்படுவது நியாயம்தான். ஆனால் தனியாக வாழும் ஒருவர் அனுப்பும் அந்தப் படம், 'நான் எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன்' என்ற தகவலும்கூட. நூலகத்துக்கு வரும் அம்மா ஒருவரின் படம் ஒரு நாள் ஏழரை மணி வரை வரவில்லை. தோழி கதவைத் தட்டினார். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தவரை அப்படித்தான் காப்பாற்ற முடிந்தது. தானாகத் தரவிறங்குவதை அணைத்துவிட்டால் இடப் பிரச்சினை தீர்ந்துவிடும். வணக்கத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கிக் கவுன்ட்டரில் ஒரு கேள்வி

தனிமனிதர்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்னால் உடைக்க முதியவர் ஒருவர் பதற்றத்தோடு வந்து நின்றால், காதிலிருந்து ஃபோனை எடுக்காமலேயே படிவம் நிரப்பினால், கவுன்ட்டரில் இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வி அவருடைய சேமிப்பைக் காப்பாற்றும். ஹைதராபாதில் பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஊழியர்கள் 2024-இல் இப்படிச் சந்தேகப்பட்டு, பேச்சுக் கொடுத்து, டிஜிட்டல் அரெஸ்டில் சிக்கியிருந்த ஒரு மூத்த வாடிக்கையாளரின் பணத்தைத் தடுத்து நிறுத்தியது செய்தியானது. பெரிய தொகை புதிய கணக்குக்குப் போகும்போது சில மணி நேரத் தாமதமும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவலும் வேண்டும் என்று முதியவர்கள் தாங்களாகவே கேட்டுப் பெறக்கூடிய வசதி எல்லா வங்கிகளிலும் வர வேண்டும். ஒரு ஃபார்வேர்டுக்கு வேகத்தடை போட முடிந்த நாட்டில், ஆயுட்காலச் சேமிப்புக்கும் போட முடியும்.

அதுவரை குடும்பங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நூலகத்தில் கேட்ட கதைகளில் பணத்தை இழந்தவர்கள் பலரும், யாரிடமும் சொல்லாமல் முதல் நாளைக் கடத்தியிருந்தார்கள். காரணம் கேட்டால் மருமகள் என்ன நினைப்பாள், மகன் கத்துவான் என்பார்கள். 'இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டீங்களே' என்ற அந்தச் சொல்லைக் கேட்க நேரும் என்ற கூச்சத்திலேயே, 1930-க்குப் போக வேண்டிய அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடுகிறது. நூலகத்துக்கு வரும் ஒரு தம்பதியின் மகள், வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது பெற்றோர் இருவரையும் உட்காரவைத்து, 'எவ்வளவு போனாலும் திட்ட மாட்டேன்ப்பா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் என்னை எழுப்புங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து, மின்கட்டணம் என்று வந்த ஒரு இணைப்பில் அந்த அப்பாவின் பணம் போனது. அவர் மகளை எழுப்பினார், மகள் அவரை 1930-க்குப் பேசச் சொன்னார், பணத்தில் ஒரு பகுதி வங்கியில் தடுத்துவைக்கப்பட்டது. மீதிக்காக அவர் கொடுத்த புகார் விசாரணையில் இருக்கிறது.